முன்னறையிலிருந்து

அதிகாரியின் அறைக் கதவுக்கு வெளியே ஒரு மேசை போட்டிருப்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் நான் உட்கார்ந்தது அந்த மேசையில்தான். ஊர் மாறிற்று, அதிகாரிகள் மாறினார்கள், ரெமிங்டன் மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மேசை மட்டும் எல்லா அலுவலகத்திலும் ஒரே இடத்தில் இருந்தது: கதவுக்குப் பக்கவாட்டில், மின்விசிறிக் காற்று பாதி வந்து சேரும் தூரத்தில்.

அங்கிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். காதில் விழுவார். மணியை ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருக்கிறவரா, ஆள் வந்து நிற்கும்வரை தட்டிக்கொண்டே இருக்கிறவரா என்பது முதல் நாளே தெரிந்துவிடும். கோப்பை மேசையில் வைக்கிறாரா, போடுகிறாரா என்பதும் தெரிந்துவிடும். உள்ளே போனவர் திரும்பி வரும்போது அவர் முகத்தை முதலில் பார்ப்பதும் நாங்கள்தான். பிரிவுபசார விழாவில் மாலை போட்டுப் பேசுகிறவர்கள் எல்லா அதிகாரிகளையும் எளிமையானவர் என்றுதான் சொல்வார்கள். அது மரபு, தப்பில்லை. அந்தச் சொல் யாருக்கு உண்மையில் பொருந்தும் என்பது முன்னறைக்குத் தெரியும்.

எனக்கு வாய்த்த பதினோரு அதிகாரிகளில் ஒருவருக்கு அது முழுசாகப் பொருந்தியது. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பணியில் இருந்தவரை எழுதியிருக்க முடியாது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் புகழ்ந்தால் அதற்கு நம் ஊரில் ஒரே பெயர்தான். அந்தப் பெயரைச் சுமக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. இப்போது நான் ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் ஓய்வுபெற்று இருபத்தைந்து வருஷம். அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் எதுவும் எனக்குப் பாக்கியில்லை. இனிமேல் சொன்னால் அது நன்றியாக மட்டுமே இருக்கும்.

காவிரிப் படுகையில் ஒரு பாசன அலுவலகம். பலகையில் செயற்பொறியாளர் என்று இருக்கும், எல்லார் வாயிலும் இ.இ.தான். ஊரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவரைச் சொன்னதாகிவிடும், அவருக்கு அது பிடிக்காது.

அவரிடம் வருவதற்கு முன் வேறோர் ஊரில், வேறோர் அதிகாரியிடம் மூன்று வருஷம் இருந்தேன். அங்கே டிக்டேஷனை நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். இடது முன்கையில் நோட்டைத் தாங்கிக்கொண்டு அரைமணி, முக்கால் மணி. அங்கே சேர்ந்த புதிதில் ஒருநாள், அவர் சொன்ன கடிதத்தில் தேதி ஒன்று தவறாக இருப்பதைக் கவனித்துச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "டிக்டேஷன் நீ குடுக்கறியா, நான் குடுக்கறேனா?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். அன்றிலிருந்து என் காது கேட்டதை என் கை எழுதிற்று. நடுவில் இருந்த புத்தி ஒதுங்கிக்கொண்டது. பிறகொரு நாள், ஓய்வுபெற்ற ஒரு வாட்ச்மேனின் பென்ஷன் கடிதத்தில் பணியில் சேர்ந்த வருஷத்தை அவர் மாற்றிச் சொன்னார். தவறு என்று எனக்குத் தெரியும். அந்த வாட்ச்மேனின் பணிப்பதிவேடு என் மேசையில்தான் கிடந்தது. நான் அப்படியே தட்டச்சு செய்து வைத்தேன். கடிதம் போய், ஆட்சேபணையோடு திரும்பி வந்து, மறுபடி போய், அந்த மனிதருக்குப் பென்ஷன் வருவதற்கு ஏழு மாதம் கூடுதலாக ஆயிற்று. ஏழு மாதமும் அவர் வாரம் ஒருமுறை வந்து என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான காரியம் அதுதான். பயத்தால் செய்தேன் என்று சொல்லலாம். செய்தது நான்தான்.

இந்தப் பழக்கத்தோடுதான் புது அலுவலகத்துக்கு மாறுதலாகி வந்தேன்.

முதல் நாள் மணி ஒருமுறை அடித்தது. நோட்டோடு போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சேரை இழுத்துப் போட்டுக்கங்கம்மா" என்றார். நான் தயங்கினேன். "நின்னுக்கிட்டு எழுதினா கோடு கோணும். கோணின கோட்டை நீங்கதான் அப்புறம் படிக்கணும்" என்றார். உபசாரமாக ஒரு சொல்கூட இல்லை. வேலைக்கு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். அவருடைய மரியாதை எப்போதுமே இப்படி, வேலைக்குள் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது; ஆனால் அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டார். பிட்மன் முறையில் மெல்லிய கோடு போட்டால் ஒரு ஒலி, அதையே அழுத்திப் போட்டால் இன்னொரு ஒலி. உயிரெழுத்துகளைப் புள்ளியும் சிறுகோடும் வைத்துக் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு 120 சொல் வேகத்தில் போகும்போது அவற்றைப் போட நேரம் இருக்காது. மெய்யெழுத்துகளின் எலும்புக்கூட்டை மட்டும் வரைந்து வைத்துவிட்டு, மேசைக்குத் திரும்பிய பிறகு உயிரை ஊட்ட வேண்டும். எந்த உயிர் என்பது சொன்னவரின் மனசு தெரிந்தால்தான் புரியும். இதை ஒருநாள் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப பாதி லெட்டர் நீங்க எழுதறதுதான்" என்றார். பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்திருந்த எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

லஸ்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையையும் மதகையும் காவல் பார்க்கிறவர்கள் அவர்கள். காக்கிச் சட்டை, பழைய சைக்கிள், டார்ச் லைட். காலை எட்டு மணிக்கு அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துச் சொல்வதிலிருந்து, ராத்திரியில் கரையோரம் நடந்து நண்டு வளையும் எலி வளையும் பார்த்து அடைப்பதுவரை அவர்கள் வேலை. பாசன அலுவலகத்தில் அவர்களுக்குக் கீழே யாரும் கிடையாது. அவர்களை எல்லா அதிகாரிகளும் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயசு ஆளை முப்பது வயசு இளநிலைப் பொறியாளர், அதாவது ஜே.இ., "என்னய்யா, எங்க போயிட்டு வர்ற?" என்பார். யாருக்கும் அது உறுத்தாது, லஸ்கருக்கே உறுத்தாது.

இ.இ. அவர்களை "வாங்க" என்றார்.

தமிழில் வா என்பதற்கும் வாங்க என்பதற்கும் ஓர் அசைதான் தூரம். அந்த ஓர் அசைக்காக ஏங்கியே ஓய்வுபெற்றுப் போனவர்கள் உண்டு. நம் மொழியில் ஒருவரைக் கூப்பிட வாயைத் திறந்தாலே அவரை எங்கே வைத்திருக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும். ஒளிக்க இடமே இல்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவரை எங்கள் அலுவலகத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று தாளில் அத்தனை தெரியாது. பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வினைமுற்றிலும் தெரியும். அவர் "வாங்க, உக்காருங்க, சொல்லுங்க" என்று மூன்று சொல் சொன்னபோது, முதலில் அந்த லஸ்கர் பின்னால் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று. நான் கதவருகே நின்று அதைப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தத் திரும்பிய தலை என் கண்ணில் இருக்கிறது.

அவர் எல்லாரிடமும் ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார். நல்ல சேதியென்றால் அலுவலக நேரத்தில் வாருங்கள், கெட்ட சேதியென்றால் எந்த நேரத்திலும் வாருங்கள், நடுவில் யாரையும் கேட்க வேண்டாம். ஜே.இ.யைத் தாண்டி, உதவிப் பொறியாளரான ஏ.இ.யைத் தாண்டி லஸ்கர் நேராக இ.இ. வீட்டுக் கதவைத் தட்டுவதா என்று நடுவில் இருந்தவர்களுக்கு வருத்தம் இருந்தது. அவர்களையும் உட்காரவைத்துச் சொன்னார்: "தண்ணி உங்க வழியா என்கிட்ட வராது. அது நேரா வரும்."

ஓர் ஐப்பசி. நான்கு நாளாக விடாத மழை. ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு லஸ்கர் எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில் சாயங்காலம் முதல் கசிவு இருந்திருக்கிறது. கசிவு இருக்கும்தான், மண் கரை கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே குழாய்போல வழி விழுந்துகொண்டிருக்கிறது. லஸ்கர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நடுராத்திரிக்கு மேல் தண்ணீர் கலங்கிற்று. உடனே சைக்கிளை எடுத்துவிட்டார்.

விடிவதற்குள் மணல் மூட்டைகளும் சவுக்குக் கட்டைகளும் போய்ச் சேர்ந்தன. ஊர் ஆட்களும் வந்து நின்றார்கள். ஊற்றைச் சுற்றி மூட்டைகளை வளையமாக அடுக்கித் தண்ணீரைக் கொஞ்சம் தேங்கவிட்டு, அடிவாரத்தில் பாரம் ஏற்றி, கரையை நிறுத்தினார்கள். கரைக்கு அந்தப் பக்கம் அறுவடைக்கு நின்ற குறுவையும், அப்போதுதான் நட்ட சம்பாவும், மூன்று தெருவும் இருந்தன. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் பத்திரிகையிலும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த லஸ்கர் முன்னறைக்கு வந்து என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலில் சேற்றுப்புண். "பழைய அய்யாவா இருந்தா விடியட்டும்னு இருந்திருப்பேம்மா" என்றார். "ராத்திரியில எழுப்பி, கசிவு ஒண்ணும் இல்லேன்னு ஆயிட்டா? அந்த ஏச்சை யாரு வாங்கறது?"

எனக்கு அந்தப் பழைய பெஞ்சும் அந்த வாட்ச்மேனும் ஞாபகம் வந்தார்கள்.

பணிவான அதிகாரி என்றால் என்ன என்று கேட்டால், அன்றுதான் எனக்கு விடை தெரிந்தது என்பேன். கதர் வேட்டி, டிபன் பாக்ஸ், அரசு ஜீப்பை வீட்டு வேலைக்கு எடுக்காதது, டிரைவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவது இவையெல்லாம் நல்லவைதான், என் இ.இ.யிடம் இவற்றில் பாதி இருந்தது. சிலது இல்லை. அவர் சிரித்துப் பேசுகிறவரும் இல்லை. காண்ட்ராக்டர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். அளவுப் புத்தகத்தில் ஒரு கன அடி மண் கூடுதலாக எழுதியிருந்தால் பில்லைத் திருப்பிவிடுவார். ஆனால் அவரிடம் கெட்ட சேதியைக் கொண்டுபோகிறவனுக்குக் கால் பின்னாமல் இருந்தது. தான் தூங்கிக்கொண்டிருக்கும்போது தனக்குத் தெரியாத ஒன்று ஒரு லஸ்கருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் உள்ளூர நம்பினார். பணிவு என்பது அந்த நம்பிக்கைதான் என்று எனக்குப் படுகிறது.

திருக்குறளில் இறைமாட்சி அதிகாரம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அரசன் காண்பதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் பேசாதவனாகவும் இருக்க வேண்டும் என்று 386ஆம் குறள் சொல்கிறது. பணிவான அதிகாரியைப் பாராட்டுகிற எல்லாரும் கைகாட்டுவது இதைத்தான். வள்ளுவர் அதோடு விடவில்லை. மூன்று குறள் தள்ளி 389ஆவதில், காதுக்குக் கசக்கிற சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பு உள்ளவன் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்கிறார். முதலாவது வாசலைத் திறந்து வைப்பது. அடுத்தது, திறந்த வாசல் வழியாக வந்தவன் சொல்லும் கசப்பை விழுங்குவது. வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிற அதிகாரிகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை போகமாட்டார்கள்.

என் மகள் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மேலதிகாரிக்குத் தனி அறைகூடக் கிடையாது. கதவே இல்லாதபோது முன்னறை எங்கே? கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் பட்டது அவளுக்கு இல்லை என்று நினைத்தேன். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது ராத்திரி வெகுநேரம் விழித்திருந்தாள். தாங்கள் குறித்த தேதிக்குள் வேலை முடியாது என்பது அவள் குழுவில் ஏழு பேருக்கும் தெரியுமாம். மேலே இருப்பவருக்கு மட்டும் தெரியாதாம். "சொல்ல வேண்டியதுதானே, பேர் சொல்லித்தானே கூப்பிடறீங்க?" என்றேன். "பேர் சொல்லலாம்மா. முடியாதுன்னு சொல்ல முடியாது" என்றாள். நான் நின்றுகொண்டே எழுதிய காலமும் அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காலமும் அந்த ராத்திரி ஒன்றாகத்தான் தெரிந்தன.

என் இ.இ.யிடம் நான் முதன்முதலாக வாயைத் திறந்ததைச் சொல்ல வேண்டும். வந்து ஐந்தாறு மாதம் இருக்கும். மேலதிகாரி ஒருவர் சுற்றுப்பயணமாக வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னிலையிலேயே ஒரு மதகின் ஷட்டர்களை எவ்வளவு உயர்த்துவது என்று இ.இ. உத்தரவு சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் இருந்தது முந்தின நாள் அளவு. காலை எட்டு மணிக்கு லஸ்கர் போனில் சொன்ன புது அளவு என் மேசைத் தாளில் இருந்தது. ஒன்றரை அடி கூடியிருந்தது. அவருக்கு அந்தத் தாள் இன்னும் போகவில்லை. என் கை எழுதிக்கொண்டே இருக்கிறது. தொண்டை காய்கிறது. "டிக்டேஷன் நீ குடுக்கறியா" என்ற குரல் காதில். ஏழு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் கண்ணில். எழுதுவதை நிறுத்தினேன். "சார், இன்னிக்குக் காலை அளவு வேற" என்றேன்.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். இ.இ. கையை நீட்டினார். ஓடிப்போய்த் தாளை எடுத்துவந்து கொடுத்தேன். படித்தார். "அதை அடிச்சிடுங்க, முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார். புது உத்தரவில், காலை அளவு சுருக்கெழுத்தரால் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதன் பேரில் முந்தைய கணக்கு திருத்தப்படுகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். நான் அந்த வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடப் பார்த்தேன். தட்டச்சு செய்து கொண்டுபோனபோது அது இல்லாததைக் கவனித்துக் கையால் எழுதிச் சேர்த்தார். "யாரு கண்டுபிடிச்சாங்கன்னு கோப்புல இருக்கணும்மா. நாளைக்கு நான் இருக்கமாட்டேன், கோப்பு இருக்கும்."

அவர் ஜீப்பில் இளம் ஜே.இ.க்களை ஏற்றிக்கொண்டு கல்லணைக்குப் போவார். சில சமயம் அலுவலகத்தில் இருந்த எங்களையும் கூட்டிப்போயிருக்கிறார். காவிரி, வெண்ணாறு, நாங்கள் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய், வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும் இடத்தில் நின்றுகொண்டு ஆர்தர் காட்டன் கதையைச் சொல்வார். 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர். ஆழம் காணமுடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்க வைப்பது எப்படி என்று ஐரோப்பாவில் படித்த படிப்பு காட்டனுக்குச் சொல்லித்தரவில்லை. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணையைப் பார்த்துத்தான் அவர் அதைக் கற்றுக்கொண்டார். மணலில் பெரிய கல்லைப் போட்டால் புதையும், அதன்மேல் இன்னொன்று, புதைந்து புதைந்து ஓர் இடத்தில் நிற்கும். அதன்மேல் கட்டு. பின்னால் கோதாவரியில் தவளேசுவரம் அணை கட்டவும் இந்தப் பாடம்தான் உதவிற்று. இதைக் காட்டன் ஒளிக்கவில்லை. இந்நாட்டுப் பழையவர்களிடமிருந்து கற்றோம் என்று எழுதியே வைத்தார். ஆளுகிற நாட்டிலிருந்து வந்த ராணுவப் பொறியாளர், ஆளப்படுகிற ஊரின் பேர் தெரியாத கொத்தனாரைத் தன் வாத்தியார் என்றார். இ.இ. கதையை முடித்துவிட்டுச் சொல்வார்: "லஸ்கர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் டிராயிங்கைப் பாருங்க."

தவறைப் பற்றியும் ஒன்று. ஒருமுறை நான் ஒரு முக்கியமான கடிதத்தை வேறோர் அலுவலகத்துக்கான உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். கெடு தாண்டிப்போய் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. நான் என் பெயரைப் போட்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு தன் விளக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார். உறையைச் சரிபார்க்கும் ஏற்பாடு இந்த அலுவலகத்தில் இல்லை, அதைச் செய்திருக்க வேண்டியவன் நான், இன்றுமுதல் செய்திருக்கிறேன் என்று மூன்றே வரி. என் பெயர் அதில் வரவில்லை. அந்த மூன்று வரியை எழுதும்போது என் கோடுகள் எல்லாம் அழுத்தம் மாறி விழுந்தன.

பிற்பாடு அப்துல் கலாம் மேடைக்கு மேடை சொல்லிவந்த ஒரு கதையைத் தொலைக்காட்சியில் கேட்டபோது எனக்கு அந்த மூன்று வரிதான் ஞாபகம் வந்தது. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.3 ராக்கெட், இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டில் வந்த கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் காத்திருக்கிறார்கள். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் தானே போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்து, தோல்வியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, தன் குழுவை நம்புவதாகச் சொன்னார். அடுத்த வருஷம் 1980 ஜூலை 18ஆம் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களிடம் பேசும்படி தவான் கலாமை அனுப்பினார்.

இந்தக் கதையைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் கலாம்தான் கண்ணில் படுகிறார். குடியரசுத் தலைவரான பிறகும், அதற்குப் பிறகும், ஒரு பழைய மேலதிகாரி தனக்குச் செய்ததை முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தவான் அதைத் தம்பட்டம் அடித்ததாக நான் எங்கும் படித்ததில்லை. அவர் ஓய்வுக்குப் பிறகு பறவைகள் பறப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ராக்கெட் ஏவும் தீவை ஒட்டியிருக்கும் பழவேற்காடு ஏரியின் பறவைகள்மேல் அவருக்கு ஆசை. நல்ல மேலதிகாரி தான் செய்ததை மறந்துவிட்டுப் பறவை பார்க்கப் போய்விடுகிறார். ஞாபகம் வைத்துக்கொள்கிற பொறுப்பு கீழே இருந்தவருடையது.

மகாதேவ தேசாயைப் பற்றிப் படித்தது ஓய்வுபெற்ற பிறகுதான். படிக்கப் படிக்க, என் மேசையின் மூத்த மனிதர் இவர்தான் என்று தோன்றிற்று. 1917இல் காந்தியிடம் வந்து சேர்ந்தவர், இருபத்தைந்து வருஷம் செயலாளர். காந்தி பேசப் பேசக் குறிப்பெடுப்பார், கடிதம் எழுதுவார், பத்திரிகையைப் பார்த்துக்கொள்வார், நாட்குறிப்பு வைப்பார். குஜராத்தியில் காந்தி எழுதிய தன்வரலாற்றை ஆங்கிலத்தில் உலகம் படிப்பது இவர் கையால்.

காந்தி லேசான எஜமானர் இல்லை. 1938 மார்ச்சில் ஒரிசாவில் தெலாங் என்ற ஊரில் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, கஸ்தூர்பாவும் மகாதேவின் மனைவி துர்காவும் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஹரிஜனங்களை உள்ளே விடாத கோயில். காந்திக்கு ரத்த அழுத்தம் ஏறிற்று. பெண்களுக்கு எடுத்துச் சொல்லாதது மகாதேவின் குற்றம் என்று மிகக் கடுமையாகப் பேசினார். மகாதேவுக்கு அது பொறுக்கவில்லை. தன்னை விடுவித்துவிடும்படி கேட்டார். காந்தி விடவில்லை. இதோடு முடிந்திருந்தால் இதை நான் இங்கே எழுதவேண்டியதில்லை. நடந்தது முழுவதையும், தன் மனவருத்தத்தையும், ஒரு மகானோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதில் உள்ள பாட்டையும் சேர்த்து மகாதேவ் கட்டுரையாக எழுதினார். அது காந்தியின் ஹரிஜன் பத்திரிகையிலேயே அச்சாயிற்று. செயலாளரின் கசப்பு எஜமானரின் பத்திரிகையில். கடுஞ்சொல் பேசியதால் 386ஆம் குறளில் அன்றைக்குக் காந்தி தவறினார் என்பேன். 389இல் நின்றார். இரண்டில் எது கடினம் என்று முன்னறைக்காரர்களுக்குத் தெரியும்.

1942 ஆகஸ்ட் 9ஆம் தேதி இருவரும் கைதானார்கள். புனேயில் ஆகா கான் மாளிகையில் சிறை. ஆறே நாளில், ஆகஸ்ட் 15ஆம் தேதி மகாதேவின் இதயம் நின்றது. ஐம்பது வயசு. எழுபத்திரண்டு வயசுக் காந்தி தன் கையால் அந்த உடம்பைக் குளிப்பாட்டினார். மாளிகை வளாகத்திலேயே எரித்தார்கள். அதன்பிறகு 1944 மே மாதம் விடுதலையாகும்வரை, அந்த இடத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போய்வந்தார். இருபத்தைந்து வருஷம் தன் சொல்லை எழுதிக்கொண்ட கையை அவர் கழுவித் துடைத்திருப்பார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அன்று மேலே படிக்க முடியவில்லை.

எங்கள் இ.இ. மாறுதலாகிப் போனபோது பிரிவுபசார விழாவில் நான் பேசவில்லை. லஸ்கர்களும் பேசவில்லை. அவர்கள் பதினாறு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அரசு விதிப்படி பரிசு வாங்குகிறவர் இல்லை. அதை மட்டும் வாங்கிக்கொண்டார். அதன் விலையை விசாரித்து லஸ்கர்கள் சங்கத்துக்கு மணியார்டர் அனுப்பிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்துமூன்று வயசு. கண்ணில் இரண்டு அறுவை ஆகியும் படிக்க முடிவதில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் போனதும், குரலை வைத்தே கண்டுகொண்டு, "சேரை இழுத்துப் போட்டுக்கங்கம்மா" என்றார். இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும் இரண்டு திருத்தம் சொன்னார். ராத்திரி வந்த லஸ்கர் மிதித்தது எட்டு மைல் இல்லை, பதினொன்று. டார்ச் லைட் கொடுத்தவர்கள் பதினாறு பேர் இல்லை, பதினேழு. ஒருவர் அன்று கரையில் காவலுக்கு நின்றதால் விழாவுக்கு வரவில்லை.